பெட்டி மேல் நின்றவர்

எங்கள் தோட்டத்தில் ஒருவர் சொல்லும் சொல்லுக்கு இரண்டு மதிப்பு இருந்தது. தரையில் நின்று சொன்னால் அது பேச்சு. பெட்டி மேல் நின்று சொன்னால் அது நடக்கும். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் ஓர் இத்தாலியர். அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. தோட்டத்தில் யாரும் அதைச் சொன்னதும் இல்லை. எல்லோருக்கும் அவர் இத்தாலித் தொரை.

அவர் வந்தது 1926-இல், போனது 1932-இல். அவர் வருவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே நான் அங்கே கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். மலாயாவில், ஜொகூரின் லாயாங் லாயாங் ஸ்டேஷனில் இறங்கி, மாட்டுவண்டிப் பாதையில் கிழக்கே வந்தால் ரப்பர் பால்மரக் காட்டுக்கு நடுவில் எங்கள் ஆபீஸ், ஸ்டோர், ஆட்கள் குடியிருக்கும் இரண்டு வரிசை லயம், மேட்டில் தொரை பங்களா. முதலாளி இத்தாலியில் இருந்தார். ரப்பர் குழாய் செய்யும் தொழிற்சாலைக்காரர். புதிதாக வரும் தொரை முதலாளியின் தங்கை கணவர் என்றும், அந்த நாட்டுச் சட்டசபையில் உறுப்பினராக இருந்தவர் என்றும் முன்கூட்டியே தெரிந்திருந்தது. சட்டசபையில் இருந்தவருக்கு ஜொகூர்க் காட்டில் என்ன வேலை என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். அதற்குப் பதில் கிடைக்க இரண்டு ஆண்டு ஆயிற்று.

முதல் நாள் பெரட்டுக்கு விடியுமுன்னே வந்துவிட்டார். பெரட்டு என்றால் காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் படிக்கிற களம். குட்டையான மனிதர், ஐம்பது வயது இருக்கும், நரைத்த மீசை, வெள்ளைக் கோட்டுப் பொத்தான்கள் கழுத்துவரை போட்டிருந்தன. அரிக்கன் விளக்கு வெளிச்சத்தில் நின்ற கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, என்னிடம் ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வேண்டும் என்றார்.

"தொரை உக்காரவா கேக்குறாரு, கிராணியய்யா?" என்றார் முத்துக் கங்காணி.

"தெரியல. கொண்டாங்க."

ஸ்டோரிலிருந்து ரப்பர் ஷீட் அடுக்கி அனுப்பும் பலகைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கவிழ்த்துப் போட்டார்கள். அவர் உட்காரவில்லை. மேலே ஏறி நின்றார். ஏறியதும் ஆள் மாறிவிட்டார். முதுகு நிமிர்ந்தது, குரல் கனத்தது. வலது கையை நீட்டினார், மடக்கினார், நெஞ்சில் வைத்தார், வானத்தைக் காட்டினார். கிழக்கு வெளுக்கும்வரை பேசினார். கடமை, மரியாதை, தலைமுறைகள், மண் என்று என்னென்னவோ வந்தது. முடித்துவிட்டு, மொழிபெயர்க்கச் சொல்லி என்னைப் பார்த்தார்.

"நேரத்துக்கு வந்து ஒழுங்கா வேலை செய்யணும்கிறாரு," என்றேன்.

பின்வரிசையில் ஒரு பெண்குரல் கேட்டது. "இம்புட்டு நேரம் பேசுனது அம்புட்டுதானா? நெஞ்சுல கைய வச்சாரே, அது எதுல சேத்தி?"

"அது சம்பளம் இல்லாத வேலை, சும்மா இரு," என்றார் கங்காணி.

கூட்டம் சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தொரை கேட்டார். சந்தோஷத்தில் சிரிக்கிறார்கள் என்றேன். அவர் நம்பவில்லை. "முதல் பேச்சுக்குச் சிரித்தால் நல்லது. என் ஊரில் முதல் பேச்சுக்குத் தக்காளி எறிந்தார்கள்," என்றார்.

ஓர் ஆண்டுக்குள் தமிழ் பேசக் கற்றுக்கொண்டார். மற்றத் தோட்டத்துத் தொரைமார் கங்காணியிடம் தமிழ் கற்றதால் யாரைப் பார்த்தாலும் "போடா, வாடா"தான். இவர் மரத்தைக் கீறிப் பால் வெட்டும் பெண்களிடமே கேட்டுக் கேட்டுப் படித்தார். அதனால் எல்லாச் சொல்லும் "ங்க" என்றே முடியும். மாட்டுக்கும் "நகருங்க". பங்களா நாய்க்கும் "வாங்க". இனி அவர் பேச்சை அந்தத் தமிழிலேயே எழுதுகிறேன்.

பெட்டியின் கணக்கு எங்களுக்கு மெல்ல மெல்லத்தான் புரிந்தது. என் குவாட்டர்ஸ் கூரை ஒழுகியது. சொன்னேன். "அடுத்த மாசம் மாத்திடலாங்க," என்றார். அடுத்த ஆண்டும் அதையே சொன்னார். பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே அவர் முகத்தில் இருக்காது. தரையில் நின்று சொன்னதை அவர் மறந்துவிடுவார்.

ஆனால் ஒருநாள், கிணறு வற்றியிருந்த சமயம், பெட்டி மேல் நின்று பேசிக்கொண்டிருந்தவர் வேகத்தில், "தீபாவளிக்குள்ள லயத்து வாசல்ல தண்ணி வரும்," என்று சொல்லிவிட்டார். சிங்கப்பூருக்குப் பம்புக்கு எழுதினோம். தீபாவளி வந்தது, பம்பு வரவில்லை. பண்டிகை அன்று காலை லயத்துப் பாதையில் மாட்டுவண்டிச் சத்தம் கேட்டது. பார்த்தால், கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு இத்தாலித் தொரை வண்டி ஓட்டி வருகிறார். வண்டியில் பீப்பாய் நிறைய ஓடைத் தண்ணீர். வாளியில் மொண்டு ஒவ்வொரு வாசலாகக் கொண்டுபோய் ஊற்றினார். புதுச்சேலை கட்டிய பெண்கள் பதறிப்போனார்கள்.

"ஐயோ தொரை, வச்சிருங்க, நாங்க தூக்கிக்கிறோம்!"

"வேணாங்க. பம்பு வர்ற வரைக்கும் நான்தாங்க பம்பு."

பம்பு வந்து சேரும்வரை தினமும் அப்படியே செய்தார். அதற்குப் பிறகு தோட்டத்தில் குழந்தைகள்கூடச் சத்தியம் கேட்கும்போது, "பெட்டி மேல ஏறிச் சொல்லு," என்று கேட்க ஆரம்பித்தன. நானும் ஒருநாள் பெரட்டு முடிந்ததும், "தொரை, அந்தக் கூரை விஷயத்தைக் கொஞ்சம் மேல ஏறிச் சொல்லிடுங்களேன்," என்று கேட்டுப் பார்த்தேன். வாய்விட்டுச் சிரித்தார். ஏறவில்லை. கூரை ஒழுகியபடியே இருந்தது.

இன்னொரு நாள் பெரட்டு நேரத்தை முன்னுக்குத் தள்ளலாமா, பின்னுக்குத் தள்ளலாமா என்று ஆட்களையே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார். "முன்னாடி வேணும்கிறவங்க கை தூக்குங்க," என்றார். எல்லாரும் கை தூக்கினார்கள். "பின்னாடி வேணும்கிறவங்க?" அதற்கும் எல்லாரும் தூக்கினார்கள். அவர் குழம்பிப்போய் முன்வரிசையில் நின்ற அஞ்சலையைப் பார்த்து, "ரெண்டுக்கும் தூக்கினா எப்படிங்க?" என்றார். முதல் நாள் நெஞ்சில் வைத்த கைக்கு விளக்கம் கேட்ட குரல் இவளுடையதுதான்.

"தொரை கை தூக்கச் சொன்னா தூக்குவோம். எதுக்குன்னு கேட்டுக்கிட்டு நின்னா பேர் வெட்டிருவாங்க," என்றாள்.

அவர் என் பக்கம் குனிந்து, "எங்க சட்டசபையிலயும் இப்ப அப்படித்தாங்க," என்றார்.

இதுவரை எழுதியதைப் படித்தால் அவர் மேல் பிரியம்தான் வரும். எனக்கும் இருந்தது. இனி சொல்வதையும் சேர்த்துத்தான் அவர்.

1928 என்று நினைக்கிறேன். கள்ளுக்கடைத் தகராறு ஒன்று பெரிதாகி, குடித்துவிட்டுப் பெரட்டுக்கு வருகிறவன் யாராக இருந்தாலும் அன்றோடு அவனுக்குத் தோட்டத்தில் இடமில்லை என்று பெட்டி மேல் நின்று சொன்னார். சில வாரம் கழித்து அஞ்சலையின் கணவன் தள்ளாடிக்கொண்டு வந்து நின்றான். அதுவரை குடித்து யாரும் பார்த்ததில்லை. முந்தின நாள்தான் ஊரில் அவன் அம்மா இறந்துபோன செய்தி வந்திருந்தது. கொள்ளி வைக்க முடியாமல் கடலுக்கு இந்தப் பக்கம் கிடக்கிறோமே என்று குடித்திருக்கிறான். நான் தொரையைத் தனியே அழைத்துச் சொன்னேன். கங்காணியும் சொன்னார். நல்ல வெட்டுக்காரன், ஒரு மரத்தைக்கூடக் காயப்படுத்தாதவன் என்று.

"தெரியும்ங்க. ஆனா மேல நின்னு சொல்லியாச்சு."

"கீழே நின்று மாற்றிக்கொள்ளலாமே, தொரை."

"கீழ இருந்து மேல உள்ளதை மாத்த முடியாதுங்க, கிராணி."

அவன் அன்று மத்தியானமே போனான். கோத்தா திங்கிப் பக்கம் ஆற்றில் மரம் மிதக்கவிடும் வேலை கிடைத்தது. அந்த மழைக்காலத்தில் ஆறு பெருகியபோது அவனைக் கொண்டுபோய்விட்டது. செய்தி வந்த மாலையில் தொரை லயத்துக்குப் போய் அஞ்சலையின் வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். இருட்டும்வரை நின்றார். அவளும் வெளியே வரவில்லை, அவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் அவள் எப்போதும்போலக் கத்தியும் வாளியுமாகப் பெரட்டில் நின்றாள். அவளுக்கு இரண்டு பெண் குழந்தைகள்.

ஞாயிறு பிற்பகலில் சிங்கப்பூரிலிருந்து வரும் ஆங்கிலப் பத்திரிகைகளை நான் பங்களாவுக்கு எடுத்துப் போவது வழக்கம். அவர் ஐரோப்பியச் செய்திகளை மட்டும் படித்துவிட்டு மீதியை எனக்குத் தருவார். அந்த நேரங்களில்தான் அவருடைய கதை துண்டு துண்டாக வந்தது. முன்பின்னாகச் சொல்வார். ஆண்டுகளை நானே பிறகு கோர்த்துக்கொண்டேன்.

அவருடைய ஊர் வட இத்தாலியில் நெல் விளைகிற சமவெளி. குடும்பத்துக்கு நிறைய வயல். ராஜா, மதம், நிலம், ஒழுங்கு என்று பேசுகிற பழைய வலதுசாரிக் கூட்டத்தின் ஆள். ஐரோப்பிய யுத்தத்துக்கு முந்தின ஆண்டு நடந்த தேர்தலில் முதன்முதலாகச் சட்டசபைக்குப் போனார். யுத்தம் வேண்டும் என்று பேசியவர்களில் ஒருவர். பேசிவிட்டுத் தாமும் போய்ச் சண்டை போட்டார். யுத்தம் முடிந்த பின் நடந்த தேர்தலில் தோற்றார், அடுத்ததில் மறுபடி ஜெயித்தார்.

"எங்க ஊர் வயல்ல களை பறிக்கிறதெல்லாம் பொம்பளைங்கதாங்க," என்றார் ஒருநாள். "முழங்கால் தண்ணியில நாள் பூரா குனிஞ்சே நிப்பாங்க. வேலை நேரத்தைக் குறைங்கன்னு கேட்டு வேலையை நிறுத்தினாங்க. நான் நகரசபைப் படி மேல நின்னு சொன்னேன், ஒரு மணி நேரம்கூடக் குறையாதுன்னு. குறையலங்க."

"அது சரிதானா, தொரை?"

"சரியா தப்பான்னு யோசிக்கிறவன் சொல்லவே கூடாதுங்க. சொன்னா நடக்கணும்."

வேறொரு நாள், தேநீர் ஊற்றிக்கொண்டே, பள்ளி ஆசிரியர் ஒருவரைப் பற்றிச் சொன்னார். விவசாயிகளுக்குச் சங்கம் வைத்துக் கொடுத்த மனிதர். கறுப்புச் சட்டைக்காரர்கள் என்ற பாசிஸ்டுகள் அப்போது லாரியில் ஊர் ஊராக வந்து சங்கக்காரர்களை அடித்துக்கொண்டிருந்த காலம். நாட்டில் ஒழுங்கு திரும்பினால் போதும் என்று, அந்த இளைஞர்களுக்குக் குறுக்கே நிற்க மாட்டேன் என்று இவர் மேடையில் சொல்லியிருந்தார். ஒருநாள் அவர்கள் வந்து அந்த ஆசிரியரைச் சதுக்கத்தில் வைத்துத் தடியால் அடித்தார்கள். இவர் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே.

"நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"ஜன்னலை மூடலங்க. பார்த்துக்கிட்டு நின்னேன். குறுக்க வர மாட்டேன்னு சொல்லியிருந்தேனே."

கோப்பையை என் பக்கம் நகர்த்திச் சர்க்கரை போதுமா என்று கேட்டார். அந்தத் தேநீரை நான் குடிக்கவில்லை. அவர் அதைக் கவனித்தார் என்றே நினைக்கிறேன். அதன் பிறகு சில வாரம் அவர் என்னிடம் பழைய கதை எதுவும் பேசவில்லை.

1924-இல் கறுப்புச் சட்டைக்காரர்கள் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரைப் பட்டப்பகலில் கடத்திக்கொண்டுபோய்க் கொன்றார்கள். சிங்கப்பூர்ப் பத்திரிகைகளில் நானும் படித்திருந்தேன். இறந்தவர் இவருக்கு எதிரணி. சட்டசபையில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டவர்கள். ஆனாலும் இவர் ஊருக்குப் போய், அதே நகரசபைப் படி மேல் ஏறி, "உயிர் உள்ளவரை இந்தச் சட்டையைப் போட மாட்டேன்," என்று சொல்லிவிட்டார். ஆட்சி அந்தச் சட்டைக்காரர்கள் கையில் இருந்தது. பதவி போயிற்று. நண்பர்கள் தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மச்சான், அதாவது எங்கள் முதலாளி, தொழிலுக்கு ஆபத்து வரும் என்று பயந்து இவரை எங்கள் காட்டுக்கு அனுப்பி வைத்தார். மனைவியும் மகள்களும் அங்கேயே மச்சான் வீட்டில் இருந்தார்கள்.

ரப்பர் விலை விழுந்தது. 1930-க்குப் பிறகு நிலைமை எல்லாருக்கும் தெரியும். அக்கம்பக்கத்துத் தோட்டங்கள் ஒவ்வொன்றாக ஆட்களைக் கழித்தன. லாயாங் லாயாங் ஸ்டேஷனில் மூட்டை முடிச்சோடு குடும்பங்கள் உட்கார்ந்திருப்பது அன்றாடக் காட்சியாயிற்று. சிங்கப்பூர் போய், நாகப்பட்டினம் கப்பல் ஏறி, எந்த ஊரை விட்டு வந்தார்களோ அந்த ஊருக்கே. எங்கள் முதலாளியிடமிருந்தும் உத்தரவு வந்தது. பாதித் தோட்டத்தை மூட வேண்டும். ஆண் துணை இல்லாத குடும்பங்களை முதலில் அனுப்ப வேண்டும்.

அப்படிப் பார்த்தால் முதல் பெயர் அஞ்சலை. அவள் இந்த நாட்டுக்கு வந்தது கைக்குழந்தையாக. பெற்றோர் இதே லயத்தில் இறந்தவர்கள். நாகப்பட்டினத்தில் இறக்கிவிட்டால் இடது பக்கம் போவதா வலது பக்கம் போவதா என்றுகூட அவளுக்குத் தெரியாது.

செய்தி கசிந்துவிட்டது. தொரை மறுநாள் பெட்டி மேல் ஏறி அறிவிக்கப் போகிறார் என்று லயம் முழுக்கப் பேச்சு. ஏறிச் சொல்லிவிட்டால் பிறகு தெய்வமே வந்தாலும் மாற்றாது என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

காலையில் நான் களத்துக்குப் போனபோது பெட்டி மேல் அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் அவளுடைய இரண்டு பெண் குழந்தைகள். கத்தியும் வாளியும் காலடியில்.

"ஏய் அஞ்சல, எந்திரி! தொரை நிக்கிற எடம் அது," என்று கங்காணி கத்தினார்.

"தெரிஞ்சுதான் உக்காந்திருக்கேன், கங்காணியாரே."

"பைத்தியமா ஒனக்கு? வேலை போயிரும்."

"அத ஏறிச் சொல்லத்தான வர்றாரு?"

தொரை வந்தார். பார்த்தார். "எந்திரிங்க," என்றார் மெதுவாக.

"என்னா சொல்லப் போறீங்கன்னு கீழ நின்னு சொல்லுங்க, எந்திரிக்கிறேன்."

"கீழ நின்னு சொன்னா அது சொல்லு இல்லைங்க."

"அதான் எனக்கும் வேணும்," என்றாள் அஞ்சலை. "எம் புருசன இந்தப் பெட்டிதான் முழுங்குச்சு. என்னையும் முழுங்கணும்னா நான் உக்காந்திருக்கிறப்பவே முழுங்கட்டும்."

கங்காணி அவள் கையைப் பிடித்து இழுக்கப் போனார். தொரை கையை உயர்த்தித் தடுத்தார். கங்காணி விடவில்லை, ஸ்டோருக்கு ஓடி இன்னொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் போட்டார். தொரை அதைச் சுற்றி வந்து, காலால் தட்டிப் பார்த்து, "இது வேற பெட்டிங்க," என்றார்.

பிறகு என்னிடம், "பேர் படிங்க, கிராணி."

நான் படித்தேன். அஞ்சலை உட்கார்ந்தபடியே கை தூக்கினாள். பெயர் படித்து முடிந்ததும் எழுந்து, பிள்ளைகளைக் குழந்தை பார்க்கிற ஆயா கொட்டகையில் விட்டுவிட்டு, மற்றவர்களோடு பால் வெட்டப் போனாள்.

மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும். வாரங்கள் போயின. முதலாளியிடமிருந்து தந்தி மேல் தந்தி வந்தது. "இன்னும் அறிவிக்கவில்லை" என்றே நாங்கள் பதில் அனுப்பினோம். அது உண்மைதான். பக்கத்துத் தோட்டத்துத் தொரைமார் ஒரு கூலிப் பெண் பெட்டியை விட்டு எழுந்திரிக்காததால் தோட்டத்தை மூட முடியவில்லை என்று கிளப்பில் சொல்லிச் சிரித்தார்களாம். இவர் கிளப்புக்குப் போவதை நிறுத்திக்கொண்டார்.

ஒரு மத்தியானம் ஆபீசில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். வெளியே மழை. அவர் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு, என்னைப் பார்க்காமலே பேசினார்.

"மச்சான் ஒரு வழி சொல்றாருங்க. நான் ஊருக்கு வரணும். அந்தச் சட்டையைப் போடணும். சபையில ஒரு நாற்காலி குடுப்பாங்களாம். நான் அவங்களோட சேர்ந்தா அரசாங்கம் அவருக்குக் குழாய் ஆர்டர் குடுக்கும். அந்தத் தைரியத்துல தோட்டத்தை இப்படியே வச்சுக்குவாராம், யாரையும் அனுப்பாம."

"வரவில்லை என்றால்?"

"வேற தொரை வருவாரு. அவருக்குப் பெட்டி வேணாங்க. சுவத்துல எழுதி ஒட்டிட்டுப் போயிடுவாரு."

அவர் அந்தச் சட்டையைப் பற்றி எங்கே நின்று என்ன சொன்னார் என்பது இந்த நாட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். பதவி, வீடு, மனைவி மக்கள் முகம், எல்லாவற்றையும் அந்த ஒரு வாக்கியத்துக்காக விட்டுவிட்டு வந்தவர். இன்னொரு பக்கம், அந்த ஆசிரியரின் கதையும் எனக்குத் தெரியும். அந்தச் சட்டைக்காரர்கள் யார் என்று எனக்குத் தெரியும்.

"அந்த அம்மாவுக்கு இங்க என்னங்க இருக்கு, கிராணி? இவ்வளவு பிடிவாதம் பிடிக்க?"

"இங்கே ஒன்றும் இல்லை, தொரை. அங்கே அதுவும் இல்லை."

அவர் தலையாட்டினார்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு காலை, அவர் களத்துக்கு வந்து பெட்டியின் முன்னால் நின்றார். எந்திரிங்க என்று சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு காத்துக்கொண்டிருந்தார். ஏதோ முடிவாகிவிட்டது என்று எல்லாருக்கும் தெரிந்தது.

"எந்திரிக்காத, அக்கா," என்றது ஒரு குரல்.

"எந்திரி அஞ்சல, எத்தன நாளைக்கு இப்படி?" என்றது இன்னொரு குரல்.

அஞ்சலை அவர் முகத்தையே பார்த்தாள். "நல்லதா கெட்டதா? அத மட்டும் சொல்லுங்க, தொரை."

"கீழ இருந்து சொன்னா நீங்க நம்பக் கூடாதுங்க," என்றார். "உங்க புருசனுக்கு நான் வாசல்ல நின்னப்போ அதனாலதான் எதுவும் சொல்லல."

அவள் கணவனைப் பற்றி அவர் பேசியது அது ஒன்றுதான். கிழக்கே மரங்களின் நுனியில் வெளிச்சம் வந்துவிட்டது. சின்னவள் பசிக்கிறது என்று சிணுங்கினாள். அஞ்சலை அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பெரியவள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மூன்றடி தள்ளிப்போய் நின்றாள்.

அவர் ஏறினார். கையை நீட்டவில்லை, நெஞ்சில் வைக்கவில்லை. சொன்னார். முதல் நாள்போல நான் சுருக்கிச் சொல்ல எதுவும் இல்லை.

"இந்தத் தோட்டத்துல இருந்து யாரும் கப்பல் ஏற மாட்டாங்க. நான் மட்டும் ஏறுவேன். அவ்வளவுதாங்க."

"அடுத்து வர்ற தொரை மாத்திட்டா?" என்றாள் அஞ்சலை உடனே.

"மாத்த மாட்டேன்னு முதலாளிகிட்ட தந்தியில எழுதி வாங்கிட்டுத்தாங்க ஏறியிருக்கேன்."

யாரும் ஆரவாரம் செய்யவில்லை. நம்பலாமா என்று தயங்கினார்கள் என்று சொல்ல மாட்டேன். ஏறிச் சொல்லியாயிற்று, அதனால் சந்தேகம் இல்லை. ஆனால் எந்த விலைக்கு என்று தெரியாத ஒன்று கையில் வந்து விழுந்தால் ஆட்கள் எப்படி நிற்பார்களோ அப்படி நின்றார்கள். பிறகு கங்காணி, "சரி சரி, வெட்டுக்கு நேரமாச்சு," என்றார். கலைந்தார்கள்.

அவர் புறப்பட்ட நாளில் ஸ்டேஷனுக்கு நானும் கங்காணியும் போனோம். ரயில் நகரும்போது ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, "கூரையைப் பத்தி மச்சான்கிட்ட சொல்றேங்க," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கூரையை நானே மாற்றிக்கொண்டேன்.

புதுத் தொரை வந்தார். யாரையும் அனுப்பவில்லை. அரை வேலை, அரைச் சம்பளம் என்று இரண்டு ஆண்டு ஓட்டி, விலை ஏறியதும் தோட்டம் நிமிர்ந்துகொண்டது.

இத்தாலி அபிசீனியா மேல் படையெடுத்த சமயத்தில், சிங்கப்பூரில் வாங்கிய ஆங்கிலப் படப் பத்திரிகை ஒன்றில் ஒரு பெரிய கூட்டத்தின் படம் வந்திருந்தது. மேடையில் அந்நாட்டுத் தலைவர். அவருக்குப் பின்னால் வரிசை வரிசையாக நாற்காலிகள், எல்லாரும் கறுப்புச் சட்டை. இரண்டாம் வரிசையில் மூன்றாவதாக ஒரு குட்டை மனிதர், நரைத்த மீசை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அவர்தான். அபிசீனியாவில் குடிசைகள் மேல் குண்டு விழுந்த செய்தி அதே இதழில் அடுத்த பக்கத்தில் இருந்தது.

பால் நிறுக்கிற நேரத்தில் அஞ்சலையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்தச் சட்டையைப் போட மாட்டேன் என்று அவர் தன் ஊரில் ஏறி நின்று சொன்னதையும், அந்தச் சட்டைக்காரர்கள் யாரை என்ன செய்தவர்கள் என்பதையும், அவர் ஏன் திரும்பிப் போனார் என்பதையும் அன்றுதான் சொன்னேன். அவள் வாளியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"எனக்காகவா?"

"உனக்காக மட்டும் இல்லை. ஆனால் நீ எழுந்திரிக்காததால்தான்."

"அப்ப அந்த ஊர்ல அடிபடுறவங்களுக்கு நானும் பொறுப்பாளி ஆயிட்டேனா, கிராணியய்யா?"

இல்லை என்றேன். அவள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. வாளியை வைத்துவிட்டுப் பால் ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பத்திரிகையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"மெலிஞ்சுதான் போயிட்டாரு. இங்க அவரு என்னா சொல்றாரு?"

"அவர் ஒன்றும் சொல்லவில்லை. முன்னால் நிற்கிற ஆள் பேசுகிறான். இவரும் மற்றவர்களும் கை தட்டுகிறார்கள்."

அஞ்சலை படத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். விரலை அந்தச் சின்ன உருவத்தின் மேல் வைத்தாள்.

"மத்தவங்க கையெல்லாம் ஒட்டிக்கிட்டிருக்கு. இவரு கை சேரலியே."

"படம் எடுத்த நொடியில் அப்படி விழுந்திருக்கும்," என்றேன்.

"இல்லங்க, கிராணியய்யா," என்று பத்திரிகையை என்னிடம் நீட்டினாள். "பாருங்க. சேரல."